டால்ஸ்டாயின் வரைவுகளில் கதைமாந்தர் மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

நாவலாசிரியன் முதலில் வகுத்த திட்டத்திற்குள் கதைமாந்தர் அடங்கி நிற்பதில்லை. எழுத எழுத அவர்களின் இயல்பும் முடிவும் மாறுகின்றன. ருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் (1828–1910) வாழ்க்கையோடு அவருடைய மூன்று பெருநாவல்களின் வரைவுகளை இணைத்து நோக்கி, இம்மாற்றத்தின் திசையை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

டால்ஸ்டாய் 1828இல் தூலா மாநிலத்து யாஸ்னாயா பொல்யானாவில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயையும், ஒன்பதாம் வயதில் தந்தையையும் இழந்தார். 1844இல் கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் பெறாமலே 1847இல் வெளியேறினார். அவ்வாண்டு தொடங்கிய நாட்குறிப்பில் தமக்கென ஒழுக்கவிதிகளை வகுப்பதும், அவற்றை மீறியபின் தம்மையே கண்டிப்பதும் தொடர்ந்தன. தம்மைப் பற்றிய தீர்ப்பை ஓயாது திருத்திய இம்மனப்பழக்கமே பின்னர் அவருடைய வரைவுகளிலும் தொழிற்பட்டது எனலாம். காகசஸ் பகுதியில் இருந்தபோது எழுதிய ‘குழந்தைப்பருவம்’ 1852இல் வெளிவந்தது. செவஸ்தபோல் முற்றுகையில் படையதிகாரியாகப் பெற்ற பட்டறிவு போரை எழுதுவதற்கு அடித்தளமாயிற்று.

1. பயன்பாட்டிலிருந்து வாழ்வுக்கு: ஆந்திரே

1862இல் சோபியாவை மணந்த டால்ஸ்டாய், மறு ஆண்டில் ‘போரும் வாழ்வும்’ நாவலைத் தொடங்கினார். 1825ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கேற்று நாடு கடத்தப்பட்ட ஒருவர் 1856இல் திரும்பி வருவதே முதற்கரு. அவரை விளங்கிக்கொள்ள 1825க்கும், பின்னர் 1812க்கும், இறுதியில் 1805க்கும் ஆசிரியர் பின்னோக்கிச் சென்றார். பலமுறை மாற்றப்பட்ட கைப்படிகளைச் சோபியாவே படியெடுத்தார்.

ஆந்திரே பல்கோன்ஸ்கி முதலில் ஆஸ்டர்லிட்ஸ் போரில் மடிவதற்காகவே கருதப்பட்ட இளைஞன். போர்க்களக் காட்சிக்கு ஓர் உயிரிழப்பு தேவைப்பட்டது. அதற்குமேல் அவனுக்கு வேலையில்லை. ஆனால் எழுதுகையில் ஆசிரியரின் கவனத்தை அவன் ஈர்த்தான். நாவலில் அவனுக்குப் பங்கு கிடைத்தது. சாவு படுகாயமாகக் குறைந்தது. தாம் அவனை மன்னித்துவிட்டதாக 1865ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் டால்ஸ்டாய் குறிப்பிட்டார். ஒரு முன்வரைவில் அவன் இறுதிவரை வாழ்ந்து, நடாஷாவைப் பியேருக்கு விட்டுக்கொடுக்கிறான். 1869இல் நிறைவெய்திய வடிவிலோ, பொரதினோவில் பட்ட காயத்தால் இறக்கிறான். முதலில் குறித்த சாவும் இறுதியில் நிகழ்ந்த சாவும் ஒன்றல்ல. முன்னது காட்சியின் தேவை. பின்னது ஒரு வாழ்வின் நிறைவு.

2. தீர்ப்பிலிருந்து இரக்கத்துக்கு: அன்னா

1872 ஜனவரியில் அண்டை நிலவுடைமையாளர் வீட்டில் வாழ்ந்த பெண்ணொருத்தி யாசென்கி நிலையத்தில் இரயில்முன் விழுந்து உயிர்நீத்தாள். அவளுடைய பிணக்கூறாய்வை டால்ஸ்டாய் நேரில் கண்டார். 1873 மார்ச்சில், புஷ்கினின் முற்றுப்பெறாத உரைநடைப் பகுதி ஒன்றைப் படித்த உந்துதலில் ‘அன்னா கரீனினா’வைத் தொடங்கினார்.

முதல் வரைவுகளின் நாயகிக்கு அன்னா என்ற பெயரில்லை. தோற்றத்திலும் நடத்தையிலும் நயமற்றவளாகவே அவள் காட்டப்பட்டாள். கணவன் நல்லியல்பும் இரக்கத்திற்குரிய நிலையும் உடையவன். நெறிதவறிய மனைவியைக் கண்டிக்கும் நோக்கம் அவ்வமைப்பில் வெளிப்படை. வரைவுகள் பெருகப் பெருக நாயகி அழகும் அறிவும் உண்மையுணர்வும் பெற்றாள்; கரீனினிடம் அலுவலக வறட்சி ஏறியது. தொடக்க வரைவில் இடம்பெறாத லெவின் ஆசிரியரின் தேடலைச் சுமந்து நுழைந்தான். கரீனினைச் சந்தித்து மீண்ட விரான்ஸ்கி தன்னையே சுட்டுக்கொள்ளும் நிகழ்ச்சியும் முன்திட்டமில்லாதது. திருத்துகையில் அது தமக்கே வியப்பாக நேர்ந்ததென நண்பர் ஸ்திராகவுக்கு 1876இல் எழுதினார். குடும்ப அறம் பற்றிய ஆசிரியரின் கொள்கை தளரவில்லை. ஆயினும் அன்னாவின்மீது எளிய தீர்ப்பு சொல்ல நாவல் இடந்தரவில்லை.

3. பொருளிலிருந்து ஆளுமைக்கு: கத்யூஷா

1880களில் சமயமும் அறமும் டால்ஸ்டாயின் எழுத்தை ஆட்கொண்டன. 1887இல் சட்ட அறிஞர் கோனி ஒரு வழக்கைக் கூறினார்: நடுவராக அமர்ந்த ஒருவர், குற்றவாளிக் கூண்டில் தாம் முன்னர்க் கெடுத்த பெண்ணைக் கண்டு, அவளை மணக்க முன்வந்தார், அவளோ திருமணத்துக்குமுன் சிறையில் இறந்தாள். இளமையில் உறவினர் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தாமும் அத்தகைய தீங்கிழைத்ததைப் பிற்காலத்தில் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் ஒப்புக்கொண்ட டால்ஸ்டாய்க்கு இக்கதை அயலானதன்று.

‘புத்துயிர்ப்பு’ நாவலின் முதல் வரைவு நெஹ்லூதவிடம் தொடங்கித் திருமணத்தில் முடிந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணி இழுபட்டது. 1895 நவம்பரில் அதன் காரணத்தை அவர் கண்டுகொண்டார்: தொடக்கமே பொய், கதை அவளிடமிருந்து தொடங்கவேண்டும். 1899இல் ‘நீவா’ இதழில் வெளியான நாவல் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லப்படும் கத்யூஷாவுடன் தொடங்குகிறது. இறுதியில் அவள் நெஹ்லூதவை மறுத்து, அரசியல் கைதி சிமன்சனுடன் வாழத் துணிகிறாள். திருமண முடிவு ஆணின் கழுவாயை நிறைவுசெய்திருக்கும். மறுப்போ முடிவெடுக்கும் உரிமையை அவளிடம் சேர்த்தது. இந்நாவலின் வருவாய், கனடாவுக்குக் குடிபெயர்ந்த துகபோர் சமயப் பிரிவினருக்கு உதவியது.

முடிவுரை

மூன்று மாற்றங்களிலும் ஒரே திசை தெரிகிறது. ஆந்திரே காட்சிக்கருவி என்ற நிலையிலிருந்தும், அன்னா கண்டனத்துக்குரிய எடுத்துக்காட்டு என்ற நிலையிலிருந்தும், கத்யூஷா பிறர் கழுவாய்க்கான பொருள் என்ற நிலையிலிருந்தும் விடுபட்டனர். ஆசிரியரின் கொள்கை இறுகிய காலத்திலும் பாத்திரங்களின் உரிமை விரிந்தது. இதற்கு ஒரு வரம்பும் உண்டு. நாவலின் இறுதியில் நற்செய்தி நூலில் விடைகாணும் நெஹ்லூதவ் ஆசிரியரின் கொள்கையைவிட்டு விலகவில்லை. ஆசிரியர் தம்மை ஏற்றிக்காட்டிய பாத்திரத்தினும், தம்மால் தீங்குற்றவளை நினைவூட்டும் பாத்திரமே மிகுதியாக மாறியது. 1910இல் வீட்டைத் துறந்து சென்று அஸ்தாபவ இரயில் நிலையத்தில் டால்ஸ்டாய் மறைந்தார். பாத்திரங்கள் தம் தீர்ப்புகளுக்குப் பணிய மறுத்தபோதெல்லாம் தீர்ப்புகளைத் திருத்தியதே அவர் படைப்புநெறி என்பதற்கு இவ்வரைவுகள் சான்றாகின்றன.