புத்தளக் கரையில் இறங்கிய காதி: இப்னு பதூதாவின் நாவும் தீர்ப்பும்

மன்னார்த் தீவில் எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு பனங்கூடல் இருந்தது. அங்கு சீவல் தொழில் செய்தவர் வாப்பாவின் கூட்டாளி. அவர் இரண்டு விதமாக முட்டி கட்டுவார். உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது கருப்பணி. சுண்ணாம்பு பூசாததில் இறங்குவது கள்ளு. எங்கள் வீட்டுக்கு வருவது கருப்பணி மட்டும்தான். அதையும் தருவதற்கு முன் அவர் தானே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். நாவில் புளிப்பின் சாயல் தட்டினால் கொடுக்க மாட்டார். எங்கள் மார்க்கத்தை எங்களைவிட அந்த மனிதர் கவனமாகப் பார்த்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. வள்ளத்தில் கடலால் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். அங்கு நின்ற சனங்கள் முதலில் தந்தது தண்ணீர். பிறகு கஞ்சி. யார், எந்த ஊர் என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பின்னர்தான் வந்தது. ஒருவர் கையில் முதலில் வைக்கப்படும் பானம் அவருக்குச் சொல்லப்படும் முதல் வார்த்தை என்பதை அன்று அறிந்தேன்.

இப்னு பதூதாவின் பயண நூலைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கரைதான் என் கண்ணில் நிற்கும். அவரும் பயத்தோடு இதே கரையில் இறங்கியவர். அவர் ஒரு நீதிபதி. போகுமிடமெல்லாம் மனிதர்களை மட்டுமல்ல, தனக்கு ஊற்றித் தந்ததையும் சுவைத்துத் தீர்ப்புச் சொன்னவர்.

டாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இளைஞன்

1304 பெப்ரவரியில் மொரோக்கோவின் டாஞ்சியர் நகரில் காதிகளின் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றிய குடும்பம் அது. போதை தரும் எதுவாயினும், அளவு சிறிதாயினும் விலக்கு என்பதே அந்தச் சட்டப்பள்ளியின் நிலைப்பாடு. 1325 இல், 21 வயதில், ஹஜ் கடமைக்காகத் தனியாகப் புறப்பட்டார். வீடு திரும்பக் கால் நூற்றாண்டு எடுக்கும் என்று அவருக்கோ பெற்றோருக்கோ அன்று தெரியாது.

எகிப்து, சிரியா, மக்கா, ஈராக், பாரசீகம், கிழக்கு ஆபிரிக்காவின் கில்வா என்று பாதை நீண்டது. தென் அரேபியாவில், இன்றைய ஓமானின் தோஃபார் கரையில், அவர் தென்னையைக் கூர்ந்து பார்த்தார். நம் ஊர்ச் சீவல்காரர் எவரும் குறை சொல்ல முடியாதபடி அந்தத் தொழிலை அவர் விவரித்திருக்கிறார். காய் வரவேண்டிய பாளைத் தண்டை இரண்டு விரல் அளவு விட்டு வெட்டுகிறார்கள். அதில் சிறு பாத்திரம் கட்டுகிறார்கள். காலையில் கட்டினால் மாலையில் இரண்டு சிரட்டைகளோடு ஏறுகிறார்கள். ஒன்றில் ஊறிய நீரை ஊற்றிக்கொண்டு, மற்றதிலுள்ள தண்ணீரால் தண்டைக் கழுவி, சிறிது சீவி, மீண்டும் கட்டுகிறார்கள். சேர்ந்த நீரைக் காய்ச்சினால் தேன் போன்ற பாகு வருகிறது. இந்தியா, யெமன், சீன வணிகர்கள் அதை வாங்கிப்போய் இனிப்புச் செய்கிறார்கள். அந்தப் பாகு மிகச் சிறந்தது என்பது அவருடைய தீர்ப்பு.

மரத்தில் ஏறுபவனை ஏளனமாகப் பார்க்கும் ஒரு சொல்கூட அந்த விவரிப்பில் இல்லை. நமது சமூகங்கள் அந்தத் தொழிலாளர்களை எங்கே நிறுத்தி வைத்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

புளித்த கோப்பையும் பார்லிப் பானமும்

பாளையிலிருந்து இறங்கும் நீருக்கு ஒரு நாள் வாழ்க்கைதான். இறங்கும்போது இனிப்பு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். மதியத்தில் நுரை கட்டி, இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக நிற்கும். தவறணைக்குப் போகிறவர்கள் விரும்புவது தொண்டையில் இடறாமல் இறங்கும் அந்த இளங்கள்ளைத்தான். அதன் வீரியம் ஏறக்குறைய ஒரு பியருக்குச் சமம். மாலையில் கடுக்கும். விட்டுவைத்தால் வினாகிரி. ஒரே நீர்தான். எந்த மணித்தியாலத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் ஆகுமானதும் ஆகாததும் இருக்கிறது.

இப்னு பதூதா இந்தக் கோட்டில் ஒருமுறை இடறினார். அனத்தோலியாவைக் கடந்து கிரைமியாவுக்கு அப்பாலுள்ள புல்வெளித் துருக்கியரிடையே பயணம் செய்தபோது, ஒரு சபையில் வெண்மையான பானம் கிண்ணங்களில் வந்தது. பக்கத்திலிருந்த அறிஞர் சொன்ன பெயர் அவருக்கு விளங்கவில்லை. வாயில் வைத்தார். புளித்தது. கீழே வைத்துவிட்டார். வெளியே வந்து விசாரித்த பிறகே அது தானியத்தைப் புளிக்கவைத்து எடுத்த பூஸா என்று தெரிந்தது. நாம் இன்று பியர் என்பதற்கு அது தூரத்து உறவு.

அதைக் குடித்தவர்களை அவர் பாவிகள் என்று எழுதவில்லை. அவர்கள் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்று விளக்கம் எழுதினார். அதே நாட்டில் புளித்த குதிரைப்பாலும் கொடுக்கப்பட்டது. சுவைத்தார், நன்றாக இல்லை என்று கண்டு தோழர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். தனக்கு ஆகாததைத் தான் விலக்குவது வேறு, கொடுத்தவனை இகழ்வது வேறு என்ற பழக்கம் அவரிடம் இருந்தது.

1333 இல் சிந்து நதியைக் கடந்து டில்லிக்கு வந்தவரை முகமது பின் துக்ளக் காதியாக நியமித்தார். அரண்மனை விருந்தின் ஒழுங்கை அவர் வரிசையாகக் குறித்திருக்கிறார். உணவுக்கு முன் சர்க்கரைப் பானம். உணவுக்குப் பின் குவளைகளில் பார்லிப் பானம். கடைசியில் வெற்றிலை பாக்கு. பார்லியில் செய்த அந்தப் பானத்தை அவர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார். ஆனால் அதே அரண்மனை வாசலில் தண்டிக்கப்பட்டவர்களின் உடல்கள் கிடந்ததையும் மறைக்காமல் எழுதினார். தனக்குச் சோறு போட்ட கைதான் அதையும் செய்தது என்பதை அவர் மறக்கவில்லை.

மாலைதீவில் கடுமை, புத்தளத்தில் தயவு

துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டவரின் கப்பல்கள் கள்ளிக்கோட்டைக் கரையில் புயலில் சிதைந்தன. டில்லிக்குத் திரும்பப் பயந்து மாலைதீவுக்குப் போனார். அங்கும் காதிப் பதவி கிடைத்தது. அந்தப் பதவியில் அவர் கடுமையானவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களை அடிக்க வைத்தார். திருடன் ஒருவனின் கையை வெட்டும்படி தீர்ப்பளித்தபோது மண்டபத்தில் இருந்த தீவு மக்களிற் சிலர் மயங்கி விழுந்தனர். பெண்களின் உடையை மாற்ற முயன்று தோற்றார். தென்னம்பாகையும் மீனையும் தந்து உபசரித்த மக்கள்மீது தன் சட்டத்தைச் சுமத்திய அந்த மாதங்கள் அவருடைய வாழ்க்கையில் பெருமைப்படத்தக்கவை அல்ல. ஆட்சியாளர்களோடு பகை முற்றி, 1344 இல் அங்கிருந்து கிளம்பினார்.

மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையை நோக்கிய கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. பாவாத மலை கடலிலிருந்து புகைத் தூண் போலத் தெரிந்தது. எதிரே இருந்த துறை புத்தளம். மாலுமிகள் நங்கூரமிடப் பயந்தார்கள். அது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிப் பகுதி. அவரிடம் கடலில் கொள்ளையிடும் கப்பல்கள் உண்டு என்பது அவர்கள் கேள்விப்பட்டிருந்த கதை. காற்றோ வலுத்துக்கொண்டிருந்தது. கடலில் மூழ்குவதா, அறியாத அரசனின் கரையில் இறங்குவதா? இந்தக் கேள்வி எங்கள் வாசகர்கள் பலருக்குப் புதிதல்ல.

இப்னு பதூதா தானே முதலில் இறங்கினார். மஃபர் சுல்தானுக்குத் தான் சகலன் என்றார். அது உண்மை. கப்பலில் இருப்பதெல்லாம் அந்தச் சுல்தானுக்கான பரிசுகள் என்றும் சொன்னார். அது உயிர் தப்பச் சொன்ன கதை.

மன்னர் அவரை எழுந்து வரவேற்று அருகில் அமர்த்திக்கொண்டார். மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதும் யாழ்ப்பாண அரசர் அவர். அவருக்குப் பாரசீக மொழி விளங்கியது. கப்பலில் வந்த எல்லோருக்கும் பாதுகாப்பு அளித்து, மூன்று நாட்கள் விருந்தினராக வைத்திருந்தார். முத்துக் குளிப்பிலிருந்து வந்த முத்துக்களைக் காட்டி, இவற்றைவிடச் சிறந்ததைக் கண்டதுண்டா என்று கேட்டு, பரிசாகவும் கொடுத்தார். வேண்டியதைக் கேட்கலாம் என்றபோது, பாவாத மலைக்குப் போக வழி மட்டும் வேண்டும் என்றார் விருந்தாளி. மன்னர் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தார். துணையாக நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர். அவர் திரும்பி வரும்வரை கப்பல் தலைவனையும் அரண்மனை பராமரித்தது.

ஒரு தமிழ் மன்னன், சைவர் நடுவே, முஸ்லிம் நீதிபதி ஒருவனுக்கு அவன் நம்பிக்கைக்குரிய இடத்துக்குப் போக வழி அமைத்துக் கொடுத்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் இது இரண்டு வரியாக முடிந்துவிடுகிறது. இடம்பெயர்ந்தவனுக்கு அது இரண்டு வரி அல்ல.

புத்தளக் கரையில் ஆறுகள் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் குன்றுபோலக் கிடந்ததை அவர் குறித்தார். மூங்கில் தெப்பத்தில் ஓர் ஆற்றைக் கடந்து, அரசனின் எல்லையிலுள்ள மன்னார் மண்டலி என்ற இடத்தை அடைந்தார். அங்கு மக்கள் எருமைக்கன்று இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று பரிமாறினார்கள். அந்த ஊரில் இருந்த ஒரே முஸ்லிம், நோயால் பின்தங்கிய ஒரு குராசான்காரர். பிறகு பந்தர் சலாவாத். அதைச் சிலாபம் என்று அடையாளம் காண்கிறார்கள். இன்று சிலாபம், மாரவில பக்கம் தென்னங்கள்ளு இறக்கும் தோட்டங்களைக் கடக்கும்போது, தோஃபாரில் அவர் கண்ட அதே சீவலும் அதே கழுவலும் எனக்கு நினைவுக்கு வரும்.

மலை ஏறி, தெற்கே காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கே திரும்பி, கடல் கடந்து மதுரைச் சுல்தானிடம் போனார். தன் சகலனான அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அருவருப்போடு எழுதினார். பின்னர் மலபார்க் கடலில் கொள்ளையர்கள் அவருடைய உடைமைகள் அனைத்தையும் பறித்தார்கள். இலங்கையில் கிடைத்த பரிசுகளும் அதில் போயின. புத்தளத்திலிருந்து அவரிடம் மிஞ்சியது நினைவு மட்டும்தான்.

திரும்பியபோது யாருமில்லை

வங்காளம், சுமாத்திரா, சீனா. பிறகு கொள்ளைநோய் பரவிய நகரங்கள் வழியாகத் திரும்பும் பயணம். டமஸ்கஸில்தான் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. 1349 இல் மொரோக்கோவை அடைந்தபோது தாயையும் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. ஊர் இருந்தது, வீட்டில் யாரும் இல்லை.

1352 இல் சஹாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குப் போனார். அங்கு தேனும் தயிரும் கலந்த தினைக்கூழை விருந்தாக வைத்தபோது, இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார். வரவேற்பைப் பாத்திரத்தின் அளவால் அளந்த பிழை அது. ஆனாலும் அந்த நாட்டில் அநியாயம் குறைவு, பயணிக்குப் பயமில்லை என்று பின்னர் பாராட்டி எழுதினார்.

மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதினார். 1355 இல் நூல் நிறைவடைந்தது. கடைசிக் காலத்தில் சொந்த நாட்டில் மீண்டும் காதியாக இருந்து, 1368 அல்லது 1369 இல் காலமானார்.

போர் முடிந்து நான் மன்னாருக்குப் போனது ஒரு சித்திரை மாதம். வாப்பாவின் கூட்டாளி உயிரோடு இல்லை. அவருடைய மகன்தான் மரம் ஏறுகிறார். என்னோடு வந்த உறவுக்கார இளைஞன் அந்த வளவுக்குள் வரத் தயங்கினான். கள்ளு இறக்குகிறவர் வீட்டில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது அவன் வளர்ந்த முகாமில் கற்ற பாடம். கைவெட்டத் தீர்ப்பளித்த காதியே தென்னம்பாகைப் புகழ்ந்தார் என்று வழியில் சொல்லிப் பார்த்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

அந்த மகன் சுண்ணாம்பு முட்டியை இறக்கினார். தகப்பனைப் போலவே முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பிறகு பிளாவில் வார்த்து என்னிடம் நீட்டினார். இனிப்பு மாறவில்லை. சுண்ணாம்பின் மெல்லிய காரம் நாவின் ஓரத்தில் நின்றது. இளைஞன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் தரச் சொன்னான்.