பட்டுப்புழுவைக் காத்தவர் பீர் ஆலைக்குப் போனது ஏன்? லூயி பாஸ்டர் வாழ்க்கை

ஆரணியில் நெசவாளர் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

அந்தச் சேலைக்கு நூல் தருவது ஒரு சின்னப் புழு. புழுவுக்கு வந்த கொடிய நோயைத் தடுக்க வழி கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரே பிறகு பீர் ஆலைகளுக்கும் போனார். குடிப்பதற்காக அல்ல! அவர்தான் லூயி பாஸ்டர்.

தோல் தொழிலாளியின் மகன்

பிரான்சு நாட்டில், டோல் என்ற ஊரில், 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. மகன் நன்றாகப் படித்து, 1854-ல் லீல் நகரில் பேராசிரியர் ஆனார்.

1856-ல் அந்த ஊர் ஆலைக்காரர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுப்பது அவர் தொழில். சாறு தொட்டியிலேயே கெட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்டர் நேரே ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியில் ஒரு துளியும், கெட்ட தொட்டியில் ஒரு துளியும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல சாற்றில் உருண்டையான ஈஸ்ட் இருந்தது. கெட்ட சாற்றில் நீளமான வேறு கிருமிகள் நெளிந்தன.

பானத்தைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று அவர் கண்டுகொண்டார்.

புழுவுக்கு வந்த நோய்

1865-ல் தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. உடம்பில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். பட்டு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் தவித்தன. அரசாங்கம் பாஸ்டரை அனுப்பியது. அவரோ அதுவரை பட்டுப்புழுவையே கையில் எடுத்ததில்லை! பட்டுக் கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்தார்.

வீட்டிலும் துயரம் துரத்தியது. 1859-ல் மூத்த மகள் இறந்திருந்தாள். 1865-ல் தந்தை போனார். இரண்டு வயது மகளும் போனாள். 1866-ல் பன்னிரண்டு வயது மகளை டைபாய்டு கொண்டுபோயிற்று. 1868-ல் பக்கவாதம் வந்து, அவருடைய இடது கையும் காலும் செயலிழந்தன.

அவர் வேலையை விடவில்லை. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். இதுதான் அவர் கண்ட வழி. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடங்களில் இன்றும் இப்படிச் சோதிக்கிறார்கள்.

சிற்றூர் பீர் ஆலை

1870-ல் ஜெர்மானியரோடு நடந்த போரில் பிரான்சு தோற்றது. பீரில் ஜெர்மனிக்குத்தான் பெயர். பிரெஞ்சு பீரை அதைவிட நல்லதாக்கிக் காட்டப் பாஸ்டர் உறுதி கொண்டார். அவருக்குப் பீரில் அவ்வளவு பிரியம் கிடையாது.

1871-ல் ஷமலியேர் என்ற சிற்றூரின் பீர் ஆலைக்குப் போனார். பார்லியை முளைகட்டிக் காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து நுரைக்க விடுவார்கள். பீர் கெட்டால் வேறு ஆலையிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடுவார்கள். ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு லண்டனில் விட்பிரெட் என்ற பெரிய ஆலைக்குப் போனார். ஈஸ்டில் ஒரு துளியைப் பார்த்தே பீரில் உள்ள கோளாறைச் சொல்லிவிட்டார். விரைவில் அந்த ஆலையும் மைக்ராஸ்கோப் வாங்கியது.

புட்டியில் அடைத்த பீரை 50 முதல் 55 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் கிருமி சாகும், பீர் கெடாது என்றும் கண்டார். 1876-ல் பீர் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

பிள்ளைகளைக் காத்த ஊசி

பானத்துக்கும் புழுவுக்கும் கிருமியால் கேடு வருமானால், மனிதனுக்கும் அப்படித்தானே? இந்த எண்ணம் அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் கண்ட தடுப்பு மருந்து ஊசி மூலம் போடப்பட்டது. சிறுவன் பிழைத்தான்! அதே வேலைக்காக நம் குன்னூரில் 1907-ல் அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது.

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார். பாரிசில், அவர் பெயரால் அமைந்த நிலையத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதி மண்டப அலங்காரத்தில் முசுக்கட்டை இலையும் பட்டுப்பூச்சியும் இடம்பெற்றிருக்கின்றன. பீருக்குக் கசப்புச் சேர்க்கும் ஹாப் கொடியும் அங்கே இருக்கிறது.

மூன்று பெண் குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன் அவர். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேர் அவரால் உயிர் பிழைத்தார்கள்.