கடன் வாங்கிய கவர்னர்

பற்றாக்குறை என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவோர் உண்டு. பணம் வந்தால் போதும், கணக்கு எதற்கு என்போரும் உண்டு. இருசாராருக்கும் நாம் எடுத்துக் காட்ட விரும்புவது, அமெரிக்காவிலே லூயிசியானா மாநிலத்தை ஆண்ட ஹியூயி லாங்கின் வாழ்க்கையை!

1893இல் வின்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்றார். 1915இல் வழக்கறிஞரானார். 1928இல், 34ஆம் வயதில், கவர்னரானார். அந்நாட்டிலே கவர்னர் என்றால், மக்கள் வாக்களித்து அமர்த்தும் மாநில ஆட்சித் தலைவர்.

அன்று அம்மாநிலத்திலே கெட்டிச் சாலை சுமார் 300 மைல்தான். மழை பெய்தால் சேறு; ஆற்றைக் கடக்கப் பாலமில்லை; ஏழைப் பிள்ளைக்குப் பாடநூல் வாங்கக் காசில்லை.

பாடநூலை இலவசமாக்கினார் லாங். பணம்? மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு வரி! சாலைக்கும் பாலத்துக்கும் கடன் பத்திரங்கள். அதை அடைக்கப் பெட்ரோல் வரி. 1935க்குள் கெட்டிச் சாலை 2,000 மைலைத் தாண்டிற்று. கடனும் பல மடங்காயிற்று.

1929இல், சுத்திகரித்த எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி கேட்டார். சீறினர் எண்ணெய் முதலாளிகள்! கீழ்ச்சபை அவர்மீது குற்றம் சாட்டியது. மேல்சபையிலே 15 பேர், அவருக்கு எதிராக வாக்களிக்க மாட்டோமெனக் கையெழுத்திட்டனர், பதவி தப்பிற்று.

இதுவரை நாம் பாராட்டுகிறோம். இனி மறுபக்கம். அரசு ஊழியரின் சம்பளத்திலே அவருடைய அரசியல் நிதிக்குப் பிடித்தம்! 1932இல் செனட்டராகி வாஷிங்டன் சென்ற பிறகும், மாநிலத்தின் கடிவாளம் அவர் கையிலேயே இருந்தது. தட்டிக் கேட்க ஆளில்லை.

அவர் எழுப்பிய 34 மாடிச் சட்டமன்ற மாளிகையிலேயே, 1935 செப்டம்பர் 8 அன்று சுடப்பட்டார். இரண்டு நாளில் மாண்டார். அவர் குழுவிலிருந்து வந்த கவர்னர் ஒருவர், ஊழல் அம்பலமானதால் 1939இல் பதவி விலகி, பின்னர் சிறை சென்றார்.

தோழர்களே! கடன் வாங்கியது குற்றமல்ல. அந்தக் கடன் சாலையாயிற்று, பாலமாயிற்று. கணக்குக் கேட்க முடியாத நிலையை வளர்த்ததுதான் குற்றம். ஏழைக்காகச் செலவிடும் ஆட்சி, மற்ற எந்த ஆட்சியையும்விடத் தெளிவாகக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால், ஏழைக்கு ஒரு காசும் தரக்கூடாது என்பவன் கையிலே நாமே வாளைக் கொடுத்தவர்களாவோம். அவன் வெட்டுவது ஆட்சியை மட்டுமல்ல. ஏழைப் பிள்ளையின் பாடநூலையும்தான்!