தாடி இல்லாத டார்வின்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

பாடநூல்களில் நாம் காணும் டார்வின் நரைத்த நீண்ட தாடியும் குழிந்த கண்களுமாக இருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் கிழவராகவே பிறந்தவர் என்று எண்ணிவிட்டோம் போலும்! பரிணாமக் கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நாம், அதைத் தந்தவர் கப்பலேறியபோது நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த இளைஞரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கொள்கையைப் பேராசிரியர்கள் வகுப்பில் நடத்துவார்கள்.

சார்லஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற மருத்துவர். எட்டு வயதில் தாயை இழந்த சிறுவனை அக்காமார் வளர்த்தனர். மகனை மருத்துவனாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அந்தக் காலத்துத் தந்தையரையும் விடவில்லை. 1825-இல் எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அறுவை அறையில் நோயாளியின் துடிப்பைக் காணப் பொறுக்காமல் டார்வின் வெளியே ஓடிவிட்டார். அங்கு அவர் உருப்படியாகக் கற்றது ஒன்றுண்டு. பறவைகளைப் பாடம் செய்யும் கலைதான் அது. கற்றுத் தந்தவர் ஜான் எட்மன்ஸ்டன் என்பவர். கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பர். இனிய குணமும் கூர்ந்த அறிவும் உள்ள அந்த மனிதரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிய நினைவு டார்வினை விட்டு நீங்கவே இல்லை.

பின்னர் பாதிரியாராக்கும் எண்ணத்தோடு தந்தை அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்த்தார். அங்கே வண்டு பிடிப்பதிலேயே பெரும்பொழுது கழிந்தது. ஆனால் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ இந்த மாணவரை நன்கு கவனித்திருக்கிறார். 1831-இல் பீகிள் என்ற கப்பல் தென்னமெரிக்கக் கரைகளை அளக்கப் புறப்படவிருந்தபோது, அவர் இவருடைய பெயரைச் சொன்னார். சம்பளம் கிடையாது, செலவும் தந்தையுடையது. வீண்வேலை என்று தந்தை மறுத்துவிட்டார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் நியாயங்களை எடுத்துச் சொல்லி மனத்தை மாற்றினார். இந்த மாமனின் தந்தைதான் 1787-இல், சங்கிலி பூட்டிய ஓர் அடிமை மண்டியிட்டு இறைஞ்சும் உருவத்தைச் சிறு வில்லைகளில் பதித்து வெளியிட்ட புகழ்பெற்ற பீங்கான் தொழிலதிபர். அடிமை முறையை வெறுப்பது அக்குடும்பத்தில் வழிவழி வந்த வழக்கம்.

கப்பல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்க்கு வயது 26. பீகிளின் முந்தைய தலைவர் தனிமையும் சோர்வும் தாளாமல் 1828-இல் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டவர். ஆதலால் பேச்சுத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் விரும்பினார். டார்வினின் மூக்கின் அமைப்பைப் பார்த்து, இவருக்கு இந்தப் பயணத்திற்கு வேண்டிய உறுதி இராது என்று முதலில் தயங்கினாராம்! 1831 டிசம்பர் 27 அன்று கப்பல் பிளிமத் துறைமுகத்தை விட்டது. இரண்டாண்டுப் பயணம் என்று சொல்லிப் புறப்பட்டார்கள். ஆனது ஏறத்தாழ ஐந்தாண்டு.

கப்பலின் நீளம் 90 அடி. அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்டோர். வரைபட மேசைக்கு மேலே தூளி கட்டி டார்வின் படுத்தார். முதல் நாளிலிருந்து கடைசி வரை கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தலைசுற்றலும் வாந்தியுமாகக் கிடந்த நாள்களில் பிஸ்கத்தும் உலர்ந்த திராட்சையுமே உணவு. வீட்டிலிருந்து சகோதரிகள் மாதம் ஒருவராக முறை வைத்துக் கடிதம் எழுதினர். அந்தக் கடிதங்கள் கப்பல் மாறிக் கப்பல் மாறி வந்துசேரப் பல மாதங்கள் ஆயின. 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவில் கிடைத்த கட்டில், அவர் மனத்துக்கினியவளாக இருந்த பெண்ணுக்கு வேறொருவரோடு திருமணம் என்ற செய்தியும் இருந்தது. விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு ஊர்க் கடிதத்தின் அருமை தெரியும். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆறுதல் சொல்ல ஆளில்லாத இடத்தில், அந்த வரிகளை அவர் எப்படிப் படித்திருப்பார்!

பிரேசில் அவருக்கு ஒரே சமயத்தில் சொர்க்கத்தையும் நரகத்தையும் காட்டிற்று. 1832 பிப்ரவரி 28 அன்று பாஹியாவில் இறங்கி முதன்முதலாக வெப்பமண்டலக் காட்டுக்குள் நடந்தபோது மகிழ்ச்சியில் திக்குமுக்காடினார். அந்தக் காட்டை அடுத்த தோட்டங்களில் வேலை செய்தவர்களோ அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டோர் மொத்தம் சுமார் 48 லட்சம் பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். 1831-லேயே இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆயினும் 1850 வரை கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

பாஹியாவில்தான் அந்தச் சண்டை நடந்தது. ஃபிட்ஸ்ராய் ஒரு பெரும் அடிமைச் சொந்தக்காரரின் வீட்டுக்குப் போய் வந்திருந்தார். அந்தச் சீமான் தம் அடிமைகளை வரிசையாக அழைத்து, நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, விடுதலை வேண்டுமா என்று கேட்டாராம். எல்லாரும் வேண்டாம் என்றார்களாம். இதை ஃபிட்ஸ்ராய் ஒரு சான்றாகவே எடுத்துச் சொன்னார். எசமானர் முன்னால் நின்று ஓர் அடிமை சொல்லும் பதிலுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று டார்வின் கேட்டார். ஃபிட்ஸ்ராய் கொதித்துப் போனார். இனி இருவரும் ஒரே அறையில் இருக்க முடியாது என்று கூறிவிட்டார். பயணமே அத்தோடு முடிந்தது என்றுதான் டார்வின் நினைத்தார். நல்லவேளையாகச் சில மணி நேரத்தில் ஃபிட்ஸ்ராய் மன்னிப்புக் கேட்டு அழைத்துக்கொண்டார்.

தம்மை அழைத்து வந்த கப்பல் தலைவரிடம், சம்பளமில்லா விருந்தாளியாக வந்த இளைஞர் கேட்ட கேள்வி அது. பண்ணையார் எதிரே வந்தால் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட பாட்டனாரின் பேரன் நான். அக்கேள்வியின் ஆழத்தை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு அவர் கண்டவை பல. ஒரு படகுத்துறையில் சொன்னதைப் புரிந்துகொள்ளாத அடிமை ஒருவருக்கு விளங்கவைக்க, டார்வின் குரலை உயர்த்திக் கையை ஆட்டிப் பேசினார். கை முகத்தருகே போனது. அடிக்கப் போகிறார் என்று எண்ணிய அம்மனிதர், கண்களைப் பாதி மூடிக் கைகளைத் தொங்கவிட்டு அடியை ஏற்க நின்றார். திடகாத்திரமான ஒரு மனிதர் தம்மீது விழும் அடியைத் தடுக்கக்கூட அஞ்சி நின்ற காட்சி டார்வினை வெட்கத்தால் குன்றவைத்தது. ரியோவில் அவர் தங்கிய வீட்டுக்கு எதிர்வீட்டு மூதாட்டி, அடிமைப் பெண்களின் விரல்களை நசுக்கத் திருகாணி வைத்திருந்தார். வேறோரிடத்தில், ஸ்பானியர் குடியேற்றம் ஒன்றில், தண்ணீர்க் குவளை சற்று அழுக்காக இருந்ததற்காக ஆறேழு வயதுச் சிறுவனுக்குத் தலையில் குதிரைச் சவுக்கால் மூன்று அடி விழுந்தது. தண்ணீர் டார்வினுக்காகக் கொண்டுவரப்பட்டது. அவர் தடுப்பதற்குள் அடித்தாகிவிட்டது.

1833 ஆகஸ்டில் அர்ஜென்டினாவின் புல்வெளிகளில் குதிரையில் சென்றபோது, தளபதி ரோசாஸின் படை பூர்வகுடிகளை வேட்டையாடுவதைக் கண்டார். இருபது வயதுக்கு மேற்பட்டவராகத் தோன்றிய பெண்களையும் கொன்றார்கள். குழந்தைகளை விற்றார்கள். இது கொடுமை என்று அவர் சொன்னபோது, அவர்கள் பெருகிவிடுகிறார்களே, என்ன செய்வது என்று எளிதாகப் பதில் வந்தது.

டார்வின் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. தென்கோடியில் டியரா டெல் ஃபியூகோ மக்களைக் கண்டபோது, காட்டுமிராண்டிகள் என்றே இழிவாக எழுதினார். அதைப் படிக்கையில் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மக்களைச் சேர்ந்த மூவர் கப்பலிலேயே அவரோடு வந்தனர். 1830-இல் ஃபிட்ஸ்ராய் அவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஆங்கிலம் கற்பித்து, அரசருக்கும் காட்டித் திருப்பி அழைத்துவந்தார். அவர்களில் ஜெம்மி பட்டன் என்பவன் சிறுவன். டார்வின் கடல் நோயில் கிடக்கும்போது அருகில் வந்து பரிதாபப்படுவான். கடலைக் கண்டு ஒருவருக்கு நோய் வருமா என்று சிரிப்பு வந்துவிட, அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வான். 1833 ஜனவரியில் சொந்த மண்ணில் இறங்கியபோது, அவனுக்குத் தாய்மொழியே மறந்துபோயிருந்தது. உடன்பிறந்தவனோடு பேசத் திணறினான். மறு ஆண்டு மார்ச்சில் கப்பல் மீண்டும் அங்கே போனது. கோட்டும் பளபளக்கும் காலணியும் போய், இளைத்து, அரையில் ஒரு துண்டோடு வந்தான். வெட்கத்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம். ஆனாலும் இங்கிலாந்துக்குத் திரும்ப விரும்பவில்லை என்றான். அவனுக்கு மனைவி வாய்த்திருந்தாள். நண்பர்களுக்கு நீர்நாய்த் தோல்களும், ஃபிட்ஸ்ராய்க்குத் தன் கையால் செய்த அம்புகளும் தந்தான். கப்பல் நகர்ந்ததும் கரையில் தீ மூட்டி விடைகொடுத்தான். கப்பலிலிருந்த மூவரின் மனப்போக்கும் நம்முடையதைப் போலவே இருந்தது கண்டு வியந்ததை, 1871-இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கலாபகஸ் தீவுகளைப் பற்றி நம் பாடநூல் போதிய அளவு பேசுகிறது. அங்கே அவர் இருந்தது 1835-இல் ஐந்து வாரமே. நம் நாட்டவரை அவர் கண்ட இடம் மொரீஷியஸ். 1836 மே மாதத்தில் போர்ட் லூயி நகரில், இந்தியாவிலிருந்து ஆயுளுக்கும் நாடு கடத்தப்பட்ட கைதிகள் சுமார் 800 பேர் அரசுப் பணிகளில் உழைத்தனர். அவர்களுடைய கம்பீரமான தோற்றம் அவரை ஈர்த்தது. குற்றம் செய்தவர்களோடு, தங்கள் நம்பிக்கையின் காரணமாக ஆங்கிலேயர் சட்டத்துக்குக் கீழ்ப்படியாதவர்களும் அவர்களில் இருந்ததைக் குறித்துவைத்தார். அடிமை முறை அங்கே முந்தைய ஆண்டுதான் முடிந்திருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வரத் தொடங்கியிருந்தனர். தமிழர்களும் பின்னர் அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அப்போது அவருக்கு வீட்டு நினைவைத் தவிர வேறு நினைவில்லை. கப்பல் இங்கிலாந்தை நோக்கித் திரும்பியது என்று மகிழ்ந்திருந்த வேளையில், அளவைகளைச் சரிபார்க்க ஃபிட்ஸ்ராய் மீண்டும் பிரேசிலுக்கே கப்பலை விட்டார். கடலையும் அதில் மிதக்கும் கப்பல்களையும் அடியோடு வெறுக்கிறேன் என்ற கருத்தில் டார்வின் வீட்டுக்கு எழுதினார். பெர்னாம்புகோவுக்கு அருகே ஒரு வீட்டைக் கடந்து போகும்போது உள்ளிருந்து முனகல் கேட்டது. யாரோ ஓர் அடிமையை வதைக்கிறார்கள் என்று உணர்ந்தார். ஒரு குழந்தையைப் போல ஒன்றும் செய்ய இயலாமல் நடந்துபோனார். 1836 ஆகஸ்ட் 19 அன்று பிரேசில் கரை மறைந்தபோது, இனி ஓர் அடிமை நாட்டை மிதிக்க வேண்டியதில்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அக்டோபர் 2-ஆம் நாள் ஃபால்மத்தில் இறங்கி, இரவும் பகலுமாகக் கோச்சு வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தார். மகனைக் கண்ட தந்தை, இவன் தலையின் வடிவமே மாறிவிட்டதே என்று சகோதரிகளைப் பார்த்துச் சொன்னாராம். அதன் பிறகு டார்வின் பிரிட்டனை விட்டு எங்கும் போகவில்லை. பயணநூலின் இரண்டாம் பதிப்பை 1845-இல் வெளியிட்டபோது, அடிமை முறையைக் கண்டித்துச் சில பத்திகளை அதில் சேர்த்தார். தொலைவில் ஓர் அலறல் கேட்டாலும் பெர்னாம்புகோ வீடு நினைவுக்கு வந்துவிடுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறார். 1882 ஏப்ரல் 19 அன்று அவர் மறைந்தார். பிரேசில் தன் அடிமைகளை விடுவித்தது அதற்கு ஆறாண்டு கழித்து, 1888 மே 13 அன்று.