றம்பொடையில் பிறந்த திரைத்தாரகை

நுவரெலியாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் றம்பொடை நீர்வீழ்ச்சியைக் கண்டு வியக்காதோர் இல்லை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரே இலங்கைத் திரையுலகின் முதல் தாரகை பிறந்த மண் என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் 1923 ஜனவரி 15 இல் பிறந்த டெய்சி ராசம்மா டேனியல்ஸ் தான் பிற்காலத்து ருக்மணி தேவி. பெண்கள் மேடையேறுவது குடும்பத்துக்கு இழுக்கெனக் கருதப்பட்ட காலத்தில், இளம் வயதிலேயே சிங்கள இராமாயண நாடகத்தில் சீதையாகத் தோன்றினார். 1939 இல் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய புத்தகயா பற்றிய பாடல் இசைத்தட்டாக வெளிவந்தது. பாடியவரோ கிறிஸ்தவப் பெண்!

பின்னர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் இணைந்த அவர், ஜயமான்னவின் சகோதரரும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழுவின் 'கடவுணு பொரொந்துவ' நாடகத்தை எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் படமாக்கினார். படப்பிடிப்பு நடந்தது மதுரையில். 1947 ஜனவரி 21 இல் திரையிடப்பட்ட அதுவே முதலாவது சிங்களப் பேசும் படம். தயாரிப்பாளர் தமிழர், கதாநாயகியோ மலையகத்தில் பிறந்த தமிழ் வழிவந்தவர். அடுத்த ஆண்டே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் அதே மலைகளில் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. ருக்மணி தேவி தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர் அல்லர். ஆயினும் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாராதிருக்க இயலவில்லை.

சேலத்தில் பிறந்த இஸ்லாமியரான முகைதீன் பேக்குடன் இணைந்து அவர் பாடிய சிங்களப் பாடல்களும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

காலம் மாறிற்று. 1956 இல் 'ரேகாவ' வெளிவந்த பின் சிங்களத் திரை யதார்த்தத்தை நாடியது. மினர்வாவின் நாடகப் பாணி பழையதாயிற்று. வயது ஏற ஏறக் கதாநாயகி வேடங்களும் விலகின. எஞ்சியவை களியாட்ட விழா மேடைகளே. ஒரு காலத்தில் திரையரங்குகளை நிறைத்தவர், ஊர் ஊராகச் சென்று பாடிப் பிழைக்க வேண்டியிருந்தது. இரவெல்லாம் கண்விழிப்பு, விடியலில் நெடும் பயணம். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்கு அது எத்தகைய சுமை! 1978 ஒக்டோபர் 28 அன்று, மாத்தறையில் அத்தகைய இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு நீர்கொழும்பிலுள்ள இல்லத்துக்குத் திரும்புகையில், ஜா-எல துடெல்லவில் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. இறுதிச் சடங்குக்கு மக்கள் பெருந்திரளாகத் திரண்டனர். நீர்கொழும்பில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது.