பயிற்றாசிரியர் ரகீம்

சையத் அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். இளமையில் உஸ்மானியாப் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டக் குழுவில் ஆடினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். ஆடுகளமும் அவருக்கு வகுப்பறையாகவே விளங்கியது.

1950இல் இந்தியக் குழுவைப் பயிற்றும் பொறுப்பினை ஏற்றார். மறு ஆண்டே தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா பொற்பதக்கம் பெற்றது. ஆயினும் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவை 10–1 என வென்றது. வெறுங்காலுடன் ஆடிய நம் வீரர் பலர் தடுமாறினர். ரகீம் மனந்தளரவில்லை, தோல்வியைப் பாடமாகக் கொண்டு வீரர்களைப் புதுமுறையில் பழக்கினார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதியை எட்டியது. ஆசிய நாடு ஒன்று அந்நிலையை அடைந்தது அதுவே முதன்முறை.

1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குக் குழுவுடன் சென்றபோது, புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. எனினும் கடமையில் தளர்ந்தாரில்லை. தலையில் காயமுற்ற தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கைத் துணிந்து முன்னணியில் ஆடச் செய்தார். இறுதி ஆட்டத்தில் மாபெருங் கூட்டம் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தது. பி. கே. பானர்ஜியும் ஜர்னெயிலும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்று பொற்பதக்கம் பெற்றது.

மறு ஆண்டு ஜூன் திங்களில் ரகீம் மறைந்தார். தோல்வியிலும் கற்பவரே பிறர்க்குக் கற்பிக்க வல்லவர் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.