மாம்பழம், ஏலக்காய் பற்றி எழுதிய மருத்துவர். 12 ஆண்டுகள் கழித்து எரிக்கப்பட்ட எலும்புகள்: யார் இந்த கார்சியா டி ஓர்டா?

பெரியகுளம் என்றால் மாம்பழம், போடி என்றால் ஏலக்காய். இந்த இரண்டைப் பற்றியும் 1563-லேயே ஐரோப்பியர்களுக்குப் புத்தகம் போட்டுச் சொன்னவர், கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா டி ஓர்டா. ஆனால், அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து கல்லறையைத் தோண்டி எலும்புகளை எரித்தார்கள். ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினார் என்பதுதான் குற்றச்சாட்டு.

யார் இவர்?

1492-ல் ஸ்பெயின் யூதர்களை நாட்டை விட்டு விரட்டியது. போர்ச்சுகலுக்கு ஓடி வந்தவர்களில் ஓர்டாவின் பெற்றோரும் உண்டு. அங்கேயும் நிம்மதி இல்லை. 1497-ல் யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்து, 'புதிய கிறிஸ்தவர்கள்' என்று பெயர் வைத்தார்கள். அப்படி மதம் மாற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஓர்டா, லிஸ்பனில் பேராசிரியராக இருந்து, 1534-ல் கோவாவுக்குக் கப்பலேறினார். அகமதுநகர் சுல்தானுக்கும் வைத்தியம் பார்த்தார். கோவாவில் அச்சான அவருடைய மூலிகை நூலில் மிளகு முதல் காலரா வரை எல்லாம் உண்டு.

ஏன் குறிவைக்கப்பட்டார்கள்?

இயேசுவின் மரணத்துக்கு யூத இனம் முழுவதுமே பொறுப்பு, கடவுள் அவர்களைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அன்றைய திருச்சபையில் ஆழமாக வேரூன்றியிருந்தது. கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுத்திருந்தாலும் அது செல்லும் என்றார்கள். அதன்பின் ஓய்வுநாள் அனுசரித்தாலோ, பன்றி இறைச்சியைத் தவிர்த்தாலோ அது மதத் துரோகம். இதை விசாரிக்கத்தான் 1560-ல் கோவாவில் இன்க்விசிஷன் எனப்படும் மத விசாரணை மன்றம் வந்தது.

1568-ல் ஓர்டா இறந்தார். உயிரோடு இருந்தவரை அவரைத் தொடவில்லை. மறு ஆண்டே தங்கை கத்தரீனாவை உயிரோடு எரித்தார்கள். 1580-ல் ஓர்டாவின் எலும்புகளுக்கும் அதே தண்டனை.

கொச்சியில் என்ன நிலைமை?

ஓர்டா இறந்த அதே 1568-ல் கொச்சி மட்டாஞ்சேரியில், ராஜா கொடுத்த நிலத்தில், அரண்மனையை ஒட்டியே யூதர்கள் ஜெப ஆலயம் கட்டினார்கள். கோவாவில் உயிருக்கே ஆபத்தான வழிபாடு, அங்கே வெளிப்படையாக நடந்தது. அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது.

பிறகு என்ன மாறியது?

கோவா விசாரணை மன்றம் 1812-ல் ஒரேயடியாக மூடப்பட்டது. ஆனால் அதற்கு அடிப்படையாக இருந்த எண்ணம் மாற இன்னும் 150 ஆண்டுகள் ஆயின. ஹிட்லர் காலத்தில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகே, திருச்சபை தன் போதனையைத் திரும்பிப் பார்த்தது. 1965 அக்டோபர் 28-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையை வெளியிட்டது. இயேசுவின் மரணப் பழியை எல்லா யூதர்கள் மீதும் போட முடியாது, கடவுளின் அன்பு அவர்களை விட்டு விலகவில்லை, யூத வெறுப்பு தவறு என்று அது அறிவித்தது. 2000-ல் போப் இரண்டாம் ஜான் பால், ஜெருசலேம் மேற்குச் சுவரில் மன்னிப்புக் கோரும் பிரார்த்தனையை வைத்தார்.

ஓர்டாவுக்குக் கல்லறை இல்லை. பனாஜி நகரின் நடுவே உள்ள பூங்காவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.